ஏரிக்கரையில் ஒரு துவக்குத் தொழிற்சாலை



இந்த மாத உரையின் பொருள் துவக்கு. பெயரைக் கேட்டதும் சிலருக்கு மனம் ஒப்பாது என்று தெரியும். எங்களில் பெரும்பாலானோர் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள். இங்கே பிறந்த பிள்ளை விளையாட்டுத் துவக்கை நீட்டினாலே, "அதைக் கீழே வை" என்று அதட்டுகிற தாய்மார் எத்தனையோ பேர். அப்படியிருக்க இதை ஏன் பேச வேண்டும்?

காரணம் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து லேக்ஷோர் வீதியால் மேற்கே போய், எற்றோபிக்கோ ஓடையைத் தாண்டி மிசிசாகாவுக்குள் நுழைந்தவுடன் ஏரிப் பக்கமாக ஒரு பழைய கட்டடம் வரும். 2018ஆம் ஆண்டு முதல் அது மாநகரசபையின் கலை மண்டபம். 2019இல் ரொறன்ரோ கலை விழாவின் ஒரு பகுதி அங்கேதான் நடந்தது. ஆனால் கட்டடத்தின் பெயரை மாற்றவில்லை. 'சிறு ஆயுதப் பரிசோதனைக் கட்டடம்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். அங்கே என்ன பரிசோதித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் எங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் எங்களுக்கு அந்நியமானதும் அல்ல. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய, 'திரீ நொட் திரீ' என்று சிறுபிள்ளைகளுக்கும் பெயர் தெரிந்த அந்த மரப் பிடங்குத் துவக்கின் இனந்தான் இங்கே செய்யப்பட்டது.

அந்தத் துவக்கைக் குறி தவறாமல் சுட வைக்க எவ்வளவு வேலை தேவைப்பட்டது, அந்த வேலையைச் செய்தவர்கள் யார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதே இன்றைய கதை.

மணிக்கூட்டுத் தொழில் பழகியவர்

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்கொட்லாந்தின் ஹொயிக் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஒன்ராறியோவிலுள்ள கால்ட் என்ற ஊருக்கு வந்துவிட்டார். இன்று அந்த ஊர் கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி. நகைத் தொழிலும் மணிக்கூட்டுத் தொழிலும் பழகி, 1850 அளவில் சாத்தம் நகரில் கடை வைத்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய்த் துவக்குத் தொழிலில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் புதிதாகப் பரவி வந்தது போல்ட் முறைத் துவக்கு. அதை விளங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்தால் போதும். உருளைக் கம்பியைத் திருப்பி இழுத்தால் திறக்கும், தள்ளித் திருப்பினால் பூட்டும். துவக்கிலும் அப்படித்தான். போல்ட்டை இழுக்கும்போது சுட்ட ரவையின் வெற்றுக்கோது வெளியே விழும். தள்ளும்போது அடுத்த ரவை குழலுக்குள் போகும். திருப்பிப் பூட்டும்போது போல்ட்டில் உள்ள இரண்டு காதுகள் இரும்புச் சட்டத்தின் பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்ளும். ரவை வெடிக்கும்போது பின்பக்கம் வருகிற உதையை அந்தக் காதுகள்தான் தாங்குகின்றன.

லீ செய்த பெரிய காரியம், ரவைகளை அடுக்கி வைக்கும் பெட்டியைப் போல்ட்டுக்கு நேர் கீழே வைத்தது. 1879இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய இராணுவம் அவருடைய போல்ட்டையும் பெட்டியையும் எடுத்து, வில்லியம் மெட்ஃபோர்ட் என்ற பொறியியலாளர் வகுத்த குழலோடு சேர்த்து 1888இல் லீ-மெட்ஃபோர்ட் துவக்கை ஏற்றுக்கொண்டது. குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடுகிற வரிப்பள்ளங்கள்தான் சன்னத்தைச் சுழல வைத்து நேராகப் போகச் செய்கின்றன. மெட்ஃபோர்டின் பள்ளங்கள் ஆழமற்றவை, ஓரம் வளைந்தவை. கரிமருந்துக்கு அவை நல்லது. கோர்டைற் என்ற புது மருந்து வந்ததும் அதன் வெப்பத்தில் விரைவாகத் தேய்ந்தன. அதனால் 1895இல் ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட என்பீல்ட் குழலுக்கு மாறினார்கள். லீ-என்பீல்ட் என்ற பெயர் அப்படி வந்தது.

லீயின் போல்ட்டில் ஒரு குறை இருந்தது. உதையைத் தாங்கும் காதுகள் பின்பக்கம் இருந்தன. ஜேர்மனியரின் மௌசர் துவக்கில் அவை முன்பக்கம், ரவைக்கு அருகிலேயே இருந்தன. பின்பக்கம் தாங்கினால், வெடிக்கிற கணத்தில் போல்ட்டும் சட்டமும் மிகச் சிறிய அளவு நெளியும். வேகமாக இயக்குவதற்கு லீயின் துவக்கு மிக வசதி. குறி வைத்துச் சுடுவதற்கு மௌசர்தான் சிறந்தது என்று அக்கால வல்லுநர் பலர் நம்பினார்கள்.

ரோஸ் துவக்கின் பாடம்

குறி ஒன்றே பெரிது என்று நினைத்த நாடு கனடா. சேர் சார்ள்ஸ் ரோஸ் என்பவர் கியூபெக் நகரில் தொழிற்சாலை அமைத்துச் செய்த ரோஸ் துவக்கைக் கனடா தன் படைக்குத் தேர்ந்தெடுத்தது. அதன் போல்ட்டைத் திருப்பத் தேவையில்லை, நேராக இழுத்தால் போதும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் போட்டிகளில் அது பெரும் புகழ் பெற்றது. 1911இலும் 1913இலும் மன்னர் பரிசைக் கனடியர்கள் தட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு முதலாம் உலக யுத்தம் வந்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே கனடியப் படை முதற்தடவையாகப் பெரும் சமரில் இறங்கியது. ரோஸ் துவக்கின் ரவை அறை மிக இறுக்கமாகக் கடையப்பட்டது. கனடாவில் கவனமாகச் செய்த ரவைகள் அதில் கச்சிதமாகப் பொருந்தின. யுத்த அவசரத்தில் பிரித்தானியாவில் செய்த ரவைகளோ ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசமானவை. அகழியின் சேறும் சூடும் சேர, வெற்றுக்கோது உள்ளே இறுகிப்போய்ப் போல்ட் அசைய மறுத்தது. எதிரி முன்னேறி வரும்போது போல்ட்டைச் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. இறந்து கிடந்த பிரித்தானியப் படையினரின் லீ-என்பீல்டை எடுத்துக்கொண்டு ரோஸை எறிந்தவர்கள் ஏராளம். 1916இல் கனடியப் படை முழுதாக லீ-என்பீல்டுக்கு மாறியது.

இறுக்கமாகப் பொருத்தினால் குறி கூடும். ஆனால் எதற்குப் பொருந்த வேண்டும் என்று கேட்காமல் இறுக்கினால் ஆபத்து. போட்டி மைதானத்தின் உலர்ந்த புல்லுக்குப் பொருந்தியது ஈப்பரின் சேற்றுக்குப் பொருந்தவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் துவக்கை வகுத்தவர்கள் அல்ல, சாதாரணப் படையினர்.

ஆனாலும் ஒரு சிலர் ரோஸை விட மறுத்தார்கள். அவர்கள் சினைப்பர்கள், அதாவது மறைந்திருந்து ஒற்றைச் சூடு வைப்பவர்கள். துவக்கைத் துடைத்து, ரவையைப் பொறுக்கியெடுத்து, ஆறுதலாகச் சுடுகிறவருக்கு அதுவே சிறந்த ஆயுதம். அவர்களில் பெயர் பெற்றவர் பிரான்சிஸ் பெகாமகபோ. ஒன்ராறியோவின் பரி சவுண்ட் பகுதியைச் சேர்ந்த ஒஜிப்வே பழங்குடியினர். 1914இலேயே படையில் சேர்ந்தார். 378 பேரைச் சுட்டவர் என்று அவர் பெயரில் கணக்குச் சொல்கிறார்கள். இராணுவப் பதக்கத்தை மூன்று தடவை பெற்றார். கனடாவில் அந்தப் பெருமை பெற்றவர்கள் 40 பேர்கூட இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது என்ன? பழங்குடிகளை நிர்வகிக்க அரசாங்கம் நியமித்த முகவரின் அனுமதி இல்லாமல் பெரிதாக எதுவும் செய்ய முடியாத பழைய வாழ்க்கை. 1921இல் தன் சமூகத்தின் தலைவராகத் தெரிவாகி, நில உரிமைக்கும் சுயாட்சிக்கும் கடைசிவரை வாதாடினார். 1952இல் காலமானார். பழங்குடி மக்கள் தங்கள் சட்டபூர்வ அந்தஸ்தை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் வந்தது. யாருக்காகச் சுட்டாரோ அந்த அரசின் கண்ணில் அவர் முழுக் குடிமகன் அல்ல. 2016இல் பரி சவுண்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

லோங் பிராஞ்ச் பெண்கள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது கனடாவிடம் துவக்குச் செய்யும் தொழிற்சாலை இல்லை. 1940 ஓகஸ்டில் 'சிமோல் ஆர்ம்ஸ் லிமிட்டெட்' என்ற அரச நிறுவனத்தைத் தொடங்கி, லோங் பிராஞ்ச் அருகே ஏரிக்கரையில் தொழிற்சாலை கட்டினார்கள். 1941இல் உற்பத்தி ஆரம்பமானது. யுத்தம் முடிவதற்குள் லீ-என்பீல்டின் நாலாம் இலக்க வகையில் ஏறக்குறைய 9 இலட்சம் துவக்குகள் அங்கிருந்து வெளியேறின. உச்சக்கட்டத்தில் 5,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். முன்பு கடையிலும் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள், சில வாரப் பயிற்சியோடு கடைச்சல் இயந்திரத்தின் முன் நின்றார்கள்.

பரிசோதனை என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எத்தனை பேர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, வேணியர் அளவியைக் கையில் பிடித்து, 'இது போகும், இது போகாது' என்று பாகங்களைப் பிரித்திருக்கிறோம்! அந்தப் பெண்கள் செய்ததும் அதே வேலைதான். துவாரத்துக்குள் ஒரு அளவி போக வேண்டும், அடுத்தது போகக்கூடாது. இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம்.

ஓர் உதாரணம். போல்ட்டின் முன் நுனியில் ஒரு தனித் தலை திருகப்பட்டிருக்கும். பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் ரவையின் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளி அதிகமானால் கோது பிளக்கும், குறைந்தால் போல்ட் பூட்டாது. ஒவ்வொரு துவக்கிலும் அது கொஞ்சம் வித்தியாசப்படும். அதற்காகப் போல்ட் தலையை 0 முதல் 3 வரை நாலு அளவில் செய்தார்கள். ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே. எங்கள் தலைமயிரின் தடிப்பு அவ்வளவுதான். பரிசோதகர் பொருத்திப் பார்த்து, பொருந்துகிற இலக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்.

இன்னொன்று, குழலில் ஐந்து வரிப்பள்ளம் வெட்ட நேரம் பிடித்தது. யுத்த காலத்தில் இரண்டு பள்ளம் மட்டும் வெட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். குறியில் பொருட்படுத்தத்தக்க குறைவு இல்லை. இரண்டு பள்ளக் குழல்களும் படைக்குப் போயின. ஐந்துதான் சிறந்தது என்ற நம்பிக்கையை அளவெடுத்து உடைத்தார்கள்.

மரமும் இரும்பும்

குறி தவறுவதற்குச் சுடுகிறவரின் கை நடுக்கந்தான் காரணம் என்று நினைப்போம். அது பாதிக் கதை. ரவை வெடித்துச் சன்னம் குழலை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அந்த நேரத்துக்குள் குழல், தட்டிய வீணைத் தந்திபோல அதிர்கிறது. அதிர்வை நிறுத்த முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரச் செய்தால் சன்னமும் ஒரே இடத்துக்குப் போகும். துவக்குத் திருத்துகிறவரின் வேலை முழுதும் இந்த 'ஒரே மாதிரி' என்பதில் அடங்கியிருக்கிறது.

இதற்குப் பெரிய எதிரி மரம். மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஊரில் மாரி காலத்தில் கதவு இறுகிக்கொள்வதை மறந்திருக்க மாட்டோம். அதே மரம் குழலை ஒரு பக்கம் நெருக்கினால் சன்னம் மறுபக்கம் விலகும். அதனால் முன்கட்டையின் பின் நுனி இரும்புச் சட்டத்தோடு இரண்டு பக்கமும் சமமாக முட்ட வேண்டும். நடுவில் குழலை மரம் தொடக்கூடாது. வாய்ப்பக்க நுனியில் மட்டும் மரம் குழலைச் சில இறாத்தல் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும். ஆயுதப் பராமரிப்பாளர்கள் மரத்தில் மையைப் பூசி, குழலை வைத்து எடுத்து, மை ஒட்டிய இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினார்கள். பிறகு ஈரம் ஏறாமல் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார்கள். போல்ட்டின் இரண்டு காதுகளும் ஒரே அளவாகத் தாங்குகின்றனவா என்றும் இப்படியே பார்த்தார்கள்.

லீயின் பழைய குறை இங்கே ஒரு விசித்திரமான நன்மையாக மாறியது. சட்டம் நெளிவதால் குழல் வாய் மேல்நோக்கி எழும்பிக்கொண்டிருக்கும். வேகமான சன்னம் முன்னதாக, வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்போது வெளியேறும். வேகம் குறைந்த சன்னம் பிந்தி, வாய் உயர்ந்தபின் வெளியேறும். ஆகவே நீண்ட தூரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய் விழும். கிட்டத்தில் மௌசர் வகையிடம் தோற்ற லீ-என்பீல்ட், தூரப் போட்டிகளில் நின்று பிடித்தது இதனால்தான்.

பொறுக்கியெடுத்த துவக்குகள்

ஆயிரக்கணக்கில் செய்யும்போது சில துவக்குகளில் எல்லாப் பாகங்களும் தற்செயலாக நன்றாகப் பொருந்திவிடும். சுட்டுப் பார்க்கும்போது அவை தெரியவரும். இங்கிலாந்தில் அப்படிப் பொறுக்கியவற்றை 1942 முதல், பணக்கார வேட்டைக்காரருக்குத் துவக்குச் செய்த லண்டன் நிறுவனமான ஹொலண்ட் அண்ட் ஹொலண்டிடம் அனுப்பினார்கள். யுத்தம் முடிவதற்குள் அங்கே 20,000க்கும் மேற்பட்ட துவக்குகள் சினைப்பர் துவக்குகளாக மாற்றப்பட்டன. லோங் பிராஞ்சிலும் ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள்.

இரும்புச் சட்டத்தின் இடப்பக்கம் இரண்டு தட்டுகளைத் திருகாணியால் பொருத்தி, மூன்று மடங்கு பெருப்பித்துக் காட்டும் தொலைநோக்கியை அவற்றில் மாட்டினார்கள். கன்னத்தை வைக்க பிடங்கின் மேல் ஒரு மரத்துண்டு. 200 யார் தூரத்தில் சுடும் ஏழு சன்னங்களும் 5 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது தேர்வு விதி. தேறியதும் துவக்கின் இலக்கத்தைத் தொலைநோக்கியின் தாங்கியிலும், தொலைநோக்கியின் இலக்கத்தைத் துவக்கின் பிடங்கிலும் பொறித்தார்கள். அதன்பின் இரண்டையும் பிரிக்கக்கூடாது. பக்கத்துத் துவக்கின் தொலைநோக்கியை எடுத்து மாட்டினால் அத்தனை வேலையும் வீண்.

இதில் எந்த மந்திரமும் இல்லை. பொறுக்குதல், பொருத்துதல், அளத்தல், சோடி சேர்த்தல், மறுபடியும் அளத்தல். அவ்வளவுதான்.

பிறகு நடந்தவை

யுத்தம் 1945இல் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்ததும் தொழிற்சாலைப் பெண்களில் பெரும்பாலானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மயிரிழை அளக்கப் பழகிய கைகளுக்கு அந்தத் திறமையைக் காட்ட இடமில்லாமல் போனது. தொழிற்சாலை சிறிதாகி, பெயர் மாறி, 1970களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. மற்றக் கட்டடங்கள் இடிபட, பரிசோதனைக் கட்டடம் தப்பியது. ஊர் மக்கள் பல வருடம் விடாமல் கேட்டபடியால்தான் அது கலை மண்டபமானது.

துவக்குத் திருத்தும் கலை போட்டி மைதானங்களில் தொடர்ந்தது. 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு மாறியபோது பழைய சினைப்பர் துவக்குகளுக்குத் தடித்த குழல் போட்டார்கள். மரம் குழலை எங்கும் தொடாதபடி முன்கட்டையைக் குறுக்கினார்கள். 1970இல் வந்த அந்த வகை 1982 போக்லண்ட் யுத்தம் வரை போயிற்று. பிறகு வந்தவற்றில் மரத்தையே விட்டு, இரும்புச் சட்டத்தை அலுமினியத் தாங்கியில் எப்பொக்சிப் பசையோடு பொருத்தினார்கள். மை பூசிச் சுரண்டிய வேலையை இப்போது பசை செய்கிறது. நோக்கம் அதே 'ஒரே மாதிரி'தான்.

கனடாவின் வடதிசையில் காவல் செய்யும் ரேஞ்சர்கள், 1947இல் அந்தப் படை தொடங்கியது முதல் 2010களின் இறுதிவரை லீ-என்பீல்டையே வைத்திருந்தார்கள். கடுங்குளிரிலும் போல்ட் இறுகாதது அதன் சிறப்பு. ரோஸ் துவக்கு ஈப்பரில் தவறவிட்ட சோதனையில், லோங் பிராஞ்ச் பெண்கள் அளந்த துவக்கு எழுபது வருடம் தேறியது. அதற்குப் பதிலாக வந்த புதிய துவக்கைச் செய்தது கிச்சினர் நகரில். லீ வளர்ந்த கால்ட் அதற்குப் பக்கத்து ஊர்.

நேயர்களே, இதைச் சொல்ல எனக்கும் தயக்கம் இருந்தது. குழலின் பின்னால் நின்றவர்களின் சரித்திரம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எங்களில் பலர் அதன் முன்னால் நின்றவர்கள். 5 அங்குல வட்டம் என்பது காகிதத்தில் ஒரு கணக்கு. எதிர்ப்பக்கத்தில் அது ஒரு மனிதரின் நெஞ்சு. அந்த அளவியைப் பிடித்த பெண்களுக்கும் இது தெரிந்திருக்கும். தங்கள் தம்பியோ கணவரோ உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காக அவர்கள் கவனமாக அளந்தார்கள். அதே கவனம் இன்னொரு தாயின் பிள்ளையைத் தேடிப் போனது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது சரித்திரம் ஆகாது.

அந்த மண்டபத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், பெயர்ப்பலகையின் முன் ஒரு நிமிடம் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். லீயைப் பற்றிச் சொல்லுங்கள், பெகாமகபோவைப் பற்றிச் சொல்லுங்கள், பெயர் தெரியாத அந்தப் பரிசோதகப் பெண்களைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ தொழிற்சாலையில் அளவி பிடித்தவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.